ஜூன் மாதப் பனியில் குங்ஸ்லேடன்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 200 கி.மீ. வடக்கே இருக்கிறது அபிஸ்கோ. அங்கே தொடங்கி, தெற்கே ஹேமாவன் வரை சுமார் 440 கி.மீ. போகிற நடைபாதைக்குக் குங்ஸ்லேடன் என்று பெயர். முழுப் பாதையையும் நடப்பவர்கள் குறைவு. அபிஸ்கோவிலிருந்து கெப்னெகைசெ மலையின் அடிவாரம் வழியாக நிக்கலுவொக்தா என்ற சிற்றூர் வரை போகும் வடக்குப் பகுதிதான் எல்லோரும் விரும்பிப் போவது. தூரம் சுமார் 105 கி.மீ. ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ போனால் பாதை தெளிவாக இருக்கும், பாலங்கள் இருக்கும், கூட்டமும் இருக்கும்.

ஜூனில் அப்படியில்லை. அபிஸ்கோ ரயில் நிலையத்தில் இறங்கும்போது பிர்ச் மரங்கள் துளிர் விட்டிருக்கும், வெயில் அடிக்கும், ஒரு துளி பனி கண்ணில் படாது. சுற்றியுள்ள மலைகள் மழையை மறைப்பதால் ஸ்வீடனிலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களில் அபிஸ்கோவும் ஒன்று. அதைப் பார்த்து மலையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அபிஸ்கோ 400 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சியான ஷெக்ட்யா கணவாய் 1,100 மீட்டருக்கு மேலே. கீழே கோடை, மேலே இன்னும் குளிர்காலம். இடையில் உருகிக்கொண்டிருக்கும் ஒரு நாடே இருக்கிறது.

அந்த உருகும் பகுதிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஜூன் மாத ஆபத்து பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வருகிறது: பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர், பெருகி வரும் ஓடை, ஏரியின் மேல் இற்றுப்போன ஐஸ், காயாத சாக்ஸ். இவற்றுக்கு ஏற்றபடி நேரத்தையும் நாட்களையும் திட்டமிட்டால் இதைவிட அழகான நடை எனக்குத் தெரிந்து வேறில்லை.

எப்போது போவது

பனியில் நடந்து பழக்கமில்லாதவர்கள் ஜூன் 20-க்கு முன் கிளம்ப வேண்டாம். ஜூன் முதல் பாதியில் மேல் பள்ளத்தாக்குகள் முழுக்க ஊறிய பனியாக இருக்கும். பனிக்காலணி அல்லது பனிச்சறுக்குப் பலகை இல்லாமல் அங்கே ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகர முடியாத இடங்கள் வரும். கடைசி வாரத்தில் தாழ்வான பகுதிகளில் பாதிப் பனி உருகியிருக்கும். கணவாயும் அதன் இரு பக்கமும் அப்போதும் பனியில்தான் இருக்கும். பனி அனுபவம் வேண்டும் என்பவர்களுக்கு அது போதும், போதுமானதற்கும் மேலே.

வழியில் உள்ள மலைக்குடில்களை ஸ்வீடன் சுற்றுலாச் சங்கம் நடத்துகிறது. வசந்தகாலச் சறுக்குப் பருவம் முடிந்ததும் அவற்றை மூடிவிட்டு, ஜூன் நடுவிலிருந்து கடைசிக்குள் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், குடிலுக்குக் குடிலும் மாறும். அதைப் பார்த்த பிறகுதான் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். குடில் மூடியிருக்கும் நாட்களில் போவதானால், கூடாரமும் முழு உணவும் தோளில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை அங்கே நடுக்கோடைத் திருநாள். நாடே விடுமுறையில் இருக்கும். அன்று பக்கத்து நகரமான கிருனாவில் கடை கடையாக அலைந்து காஸ் சிலிண்டர் தேடும் நிலை வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்? கோடையில் ஏழு நாளில் முடிக்கும் தூரத்துக்கு ஜூனில் ஒன்பது நாள் ஒதுக்குங்கள். இதில் நான் பிடிவாதமாகச் சொல்வேன். கூடுதலான இரண்டு நாள் ஓய்வுக்கு இல்லை. ஒரு ஓடையின் கரையில் உட்கார்ந்து தண்ணீர் வடியும்வரை காத்திருக்க அந்த நேரம் தேவைப்படும். விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இறங்கக் கூடாத தண்ணீரில் இறங்குவதுதான் இந்த மாதத்தில் நடக்கக் கூடாத காரியம்.

அவ்வளவு நாள் இல்லையா? அபிஸ்கோவிலிருந்து அலேஸ்யாவ்ரே என்ற மலைக்குடில் வரை போய் அதே வழியில் திரும்புங்கள். ஒரு வழி சுமார் 35 கி.மீ., கணவாய் ஏற வேண்டாம், பனி, ஏரி, மலை எல்லாம் கிடைக்கும். முதல்முறை வருகிறவருக்கு இதுவே நல்ல திட்டம் என்பேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். எடுக்கிற பாலிசியில் மலை நடையும் மீட்புச் செலவும் அடங்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

காலணி விஷயத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. எந்தத் தோல் பூட்ஸும் உருகும் பனியில் இரண்டாம் நாள் ஊறிவிடும். உள்ளூர்க்காரர்கள் பலர் நடைக்கென்றே செய்த உயரமான ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அது காலுக்குப் பழகியிருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் உறுதியான தோல் பூட்ஸும், பனி உள்ளே போகாமல் முழங்கால்வரை மூடும் கெய்ட்டரும் போடலாம். இதோடு, ஓடையில் இறங்குவதற்கென்று தனியாக ஒரு லேசான கேன்வாஸ் ஷூ. செருப்பு போட்டு இறங்காதீர்கள், வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சாக்ஸுக்கு ஒரு விதி உண்டு. ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸை நீர் புகாத பையில் கட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்திருங்கள். அது தூங்குவதற்கு மட்டும். காலையில் எழுந்ததும் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, நேற்றைய ஈர சாக்ஸையே பிழிந்து மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். முதல் ஐந்து நிமிடம் உயிர் போகும், பிறகு காலின் சூட்டில் சரியாகிவிடும். "இன்றைக்கு ஒருநாள் மட்டும்" என்று காய்ந்ததைப் போட்டுவிட்டால் அன்று இரவு உலர்ந்தது எதுவுமே மிஞ்சாது. வெப்பநிலை சுழி (0) டிகிரிக்குப் பக்கத்தில், காற்று, தூறல், ஈரக் கால் எல்லாம் சேர்ந்தால் உடம்பின் சூடு இறங்க அது போதும்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கவாட்டிலும் மறைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. புதுப் பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். சூரியன் மறையாத ஊரில் அது நாள் முழுக்க நடக்கும். மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் சன்ஸ்கிரீன் தடவ மறக்காதீர்கள், அங்கேதான் முதலில் தோல் உரியும். நம் நிறத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்று நினைக்க வேண்டாம். தோல் எந்த நிறமானாலும் கண் கூசத்தான் செய்யும்.

இரண்டு ஊன்றுகோல், மைனஸ் ஐந்து டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், காற்றைத் தாங்கும் கூடாரம், காகித வரைபடம், திசைகாட்டி, தூங்குவதற்குக் கண்பட்டி. வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112. பல குடில்களில் அவசரத் தொலைபேசியும் உண்டு.

உணவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே நெய், பால்பவுடர் வேண்டாம். அவல், வறுத்த ரவை, பருப்புப் பொடி, கடலை மிட்டாய் தாராளமாகப் போகலாம். வெந்நீர் ஊற்றினால் ஊறும் அவலுக்கு இணையான மலை உணவு எந்தக் கடையிலும் இல்லை. காஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது. கிருனாவிலோ அபிஸ்கோவிலோ வாங்குங்கள். தண்ணீர் சுமக்க வேண்டாம், ஓடும் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

பனிக்கு ஒரு நேரம் இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி நடை முடிந்த மாதிரி.

மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அபிஸ்கோவில் சூரியன் மறைவதே இல்லை. ஆனாலும் இரவில் அது வடக்கே தாழ்வாக இருக்கும், மலைகள் நிழல் போடும். வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு இழந்து இறுகும். காற்றின் வெப்பநிலை சுழிக்கு மேலே ஓரிரு டிகிரி இருந்தாலும் இறுகும். அந்த இறுகிய மேலோடு ஓர் ஆளையும் பையையும் தாங்கும். அதிகாலை இரண்டு மணிக்கு அதன் மேல் தார்ச்சாலையில் போவதுபோல நடக்கலாம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அது இளகத் தொடங்கும். மதியம் இடுப்புவரை புதையும்.

மேகமூட்டமான இரவில் இது நடக்காது. மேகம் சூட்டை வெளியே விடாது, பனி இறுகாது. ஆகவே "அதிகாலையில் போனால் பனி கெட்டியாக இருக்கும்" என்று மனப்பாடமாக எடுத்துக்கொள்ளாமல் முந்தைய இரவு வானம் எப்படி இருந்தது என்று பாருங்கள். மேகமாக இருந்தால் அன்றைக்குக் கணவாய் வேண்டாம், தூங்குங்கள்.

எனவே பனி அதிகமுள்ள பகுதிகளில் பகல், இரவு என்ற பழக்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். இரவு பதினொன்றுக்குச் சமைத்துச் சாப்பிட்டு, நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, காலை எட்டு மணிக்குக் கூடாரம் போட்டு, வெயிலில் துணிகளைக் காயப்போட்டுத் தூங்கலாம். வெளிச்சம் பற்றிய கவலையே இல்லாததால் இது முழுக்க சாத்தியம். அந்த நேரத்தில் மலையே பொன்னிறமாக இருக்கும், ஒரு மனிதர் இருக்க மாட்டார்.

நடக்கும்போது பெரிய பாறைகளுக்கும் புதர்களுக்கும் பக்கத்தில் போகாதீர்கள். கறுத்த பாறை வெயிலை வாங்கிச் சூடேறித் தன்னைச் சுற்றிப் பனியை அடியிலிருந்து உருக்கிவிடும். மேலே வெள்ளையாகத் தெரியும், உள்ளே வெற்றிடம். கால் உள்ளே போய்ப் பாறை இடுக்கில் மாட்டினால் முழங்கால் திரும்பிவிடும். அப்படிப் புதைந்தால் முதலில் பையைக் கழற்றி, படுத்தவாக்கில் உருண்டு வெளியே வாருங்கள், வேகமாக இழுக்காதீர்கள்.

செங்குத்தான சரிவுகளின் அடியில் மதியத்துக்கு மேல் நிற்கவோ கூடாரம் போடவோ கூடாது. ஈரப்பனி சரியும். சரிவின் அடியில் புதிதாக உருண்டு கிடக்கும் பனிக்கட்டிகள் அதற்கான எச்சரிக்கை.

சிவப்புப் பெருக்கல் குறி

பள்ளத்தாக்கு முழுவதும் கம்பங்கள் நட்டு, உச்சியில் சிவப்புப் பெருக்கல் குறி அடித்திருப்பார்கள். கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். புதியவர்கள் இயல்பாக அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அது குளிர்காலப் பாதை; பனிச்சறுக்குக்கும் பனி ஸ்கூட்டருக்கும் போட்டது. குளிர்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்திருப்பதால் அது நேராக ஏரியின் குறுக்கே போகும். ஜூனில் அந்த ஐஸ் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இன்னும் படர்ந்து கிடக்கலாம், கரையோரம் தண்ணீர் தெரியலாம். அதன் மேல் கால் வைக்கவே கூடாது, ஓரமாகக்கூட.

கோடைப்பாதைக்குக் கற்களில் சிவப்புச் சாயமும் கற்குவியல்களும் அடையாளம். பனி மூடியிருந்தால் அவை தெரியாது. அப்போது வரைபடத்தில் கோடைப்பாதை எந்தப் பக்கச் சரிவில் போகிறது என்று பார்த்து, அந்த உயரத்திலேயே போக வேண்டும். கம்பங்களைப் பொதுவான திசைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சதுப்பில் மரப்பலகை போட்டிருப்பார்கள். ஈரமாக இருந்தால் வழுக்கும், ஓரிரண்டு மிதக்கவும் செய்யும்.

ஓடையைக் கடப்பது

பெரிய ஆறுகளுக்கு நிலையான பாலங்கள் உண்டு. சில இடங்களில் கோடைப் பாலங்களைக் குளிர்காலத்துக்குக் கழற்றி வைத்து, பருவம் தொடங்கும்போதுதான் திரும்பப் போடுவார்கள். எவை போடப்பட்டுவிட்டன என்று அபிஸ்கோவில் உள்ள தேசியப் பூங்கா தகவல் மையத்தில் கிளம்புவதற்கு முன் கேளுங்கள். இணையத்தில் போன வருடம் யாரோ எழுதியதைவிட, நேற்று இறங்கி வந்த ஒருவரின் ஒரு வாக்கியம் பெரியது.

பாலமில்லாத சிற்றோடைகளில் இரண்டு வகைச் சிக்கல். ஒன்று, பனிப்பாலம். ஓடையின் மேல் பனி கூரையாக நிற்கும், அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் நின்று பாருங்கள். நடுவில் தொய்ந்து பள்ளமாக இருக்கிறதா, நிறம் நீலச் சாம்பலாக மாறியிருக்கிறதா, பக்கத்தில் விரிசல் இருக்கிறதா, கூரை எத்தனை கனம் என்று வெட்டுமுகத்தில் தெரிகிறதா? தொய்வோ நிறமாற்றமோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சந்தேகமில்லாமல் கனமாக இருந்தாலும் அதிகாலையில் மட்டும், ஒவ்வொருவராக, ஊன்றுகோலால் குத்திப் பார்த்தபடி, பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் அவிழ்த்துவிட்டுப் போங்கள். கோல் தடையில்லாமல் உள்ளே இறங்கினால் வந்த காலடியிலேயே பின்வாங்குங்கள்.

இரண்டாவது, தண்ணீரில் இறங்கிக் கடப்பது. பகலில் உருகியது பள்ளத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் ஓடை மாலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதிகாலையில் மிகக் குறைவு. மாலையில் தொடைவரை ஓடிய தண்ணீர் காலையில் முழங்காலுக்குக் கீழே வந்துவிடலாம். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அது எப்போது வெளியே தெரிகிறது என்று பாருங்கள்.

கடக்கும் இடத்துக்காக மேலும் கீழும் அரைமணி நேரம் நடந்து தேடுங்கள். குறுகலான இடம் சுலபமாகத் தெரியும், அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாக, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இறங்குவதற்கு முன் கீழ்ப்பக்கம் பாருங்கள். ஐம்பது அடி தள்ளி அந்த ஓடை ஒரு பனிக்கூரைக்கு அடியில் நுழைந்தால் அங்கே இறங்கவே கூடாது. விழுந்தால் தண்ணீர் உங்களை அந்த இருட்டுக்குள் கொண்டுபோய்விடும். இந்த ஒரு விதிக்கு விலக்கு கிடையாது.

சரி, இடம் நன்றாக இருக்கிறது. சாக்ஸைக் கழற்றி, கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டி, பையின் வார்களை அவிழ்த்து, நீரோட்டத்தைப் பார்த்தவாறு திரும்பி நின்று, பக்கவாட்டில் நகருங்கள். இரண்டு கோல், இரண்டு கால். ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்று மட்டும் நகர வேண்டும். தண்ணீர் ஓரிரு டிகிரிதான் இருக்கும், ஒரு நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். அடிப்பரப்புக் கல் உருளுவது காதில் கேட்டால் வேகம் அதிகம் என்று பொருள், திரும்புங்கள். கடந்ததும் துடைத்து, உடனே நடந்து காலைச் சூடேற்றுங்கள்.

பாதை, பகுதி பகுதியாக

அபிஸ்கோவிலிருந்து அபிஸ்கோயாவ்ரே குடில் வரை 15 கி.மீ., பிர்ச் காட்டுக்குள் சமதளமான நடை. இது 1909-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா. குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம்.

அடுத்த 20 கி.மீ. மரவரிசையைத் தாண்டி மேலேறி, ஏரிகளை ஒட்டி அலேஸ்யாவ்ரே போகும். முதல் பெரிய பனித்திட்டுகள் இங்கேதான். கோடையில் ஏரியில் மோட்டார் படகு ஓட்டுவார்கள், ஐஸ் இருக்கும்வரை அது கிடையாது. சாமி என்ற பழங்குடியினரின் ரெயின்டீர் (பனிமான்) மேய்ச்சல் நிலம் இது. மே மாதத்தில் பிறந்த குட்டிகள் ஜூனில் தாயோடு திரியும். மந்தையைக் கண்டால் நின்றுவிடுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள், தூரமாகச் சுற்றிப் போங்கள். பனிக்காலம் முழுதும் மெலிந்த தாய் மான் ஓடவைக்கப்பட்டால் அதன் இழப்பு பெரிது. அந்த மந்தைதான் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமும். வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

அலேஸ்யாவ்ரே குடிலில் சிறு கடையும் சானா என்ற வெப்பக் குளியல் அறையும் உண்டு. மின்சாரம் கிடையாது, தண்ணீர் கொண்டுவருவதும் விறகு வெட்டுவதும் தங்குகிறவர்கள் வேலை. நீங்கள் எரித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்டி வைத்துவிட்டு வாருங்கள். இங்கே ஒரு நாள் தங்கி, தெற்கிலிருந்து வருகிறவர்களிடம் கணவாயைப் பற்றிக் கேட்டு, வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள். திரும்புவதானால் இங்கிருந்துதான் திரும்ப வேண்டும்.

ஷெக்ட்யா குடில் 13 கி.மீ. தள்ளி, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். கடை இல்லை. அங்கிருந்து கணவாய்க்கு ஏற்றம் அவ்வளவு கடினமில்லை, ஆனால் முழுக்கப் பனி, மூடுபனி வந்தால் மேலும் கீழும் ஒரே வெள்ளை. கணவாயில் ஒரு சிறு தங்குமிடம் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் புத்தகத்தில் பெயர், தேதி, எங்கே போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள், தேட நேர்ந்தால் அது உதவும். தெற்குப் பக்க இறக்கம் குறுகியது, செங்குத்தானது. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு அது கண்ணாடிபோல இறுகியிருக்கும். ஆகவே மற்ற இடங்களுக்குச் சொன்னதற்கு மாறாக, இந்த இறக்கத்துக்கு மட்டும் வெயில் பட்டு மேல் அங்குலம் இளகும்வரை காத்திருங்கள். குதிகாலை அழுத்தினால் அச்சு பதிய வேண்டும். கீழே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி காத்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அடுத்த குடில் செல்கா, 12 கி.மீ., கடையும் சானாவும் உண்டு. அதன்பின் சிங்கி குடில் இன்னொரு 12 கி.மீ.; அகலமான பள்ளத்தாக்கு, பனி குறைந்துகொண்டே வரும், ஓடைகள் பெருகும். சிங்கியில் குங்ஸ்லேடன் தெற்கே தொடரும், நீங்கள் கிழக்கே திரும்பி 14 கி.மீ. நடந்தால் கெப்னெகைசெ மலை நிலையம். அங்கே படுக்கை, குளியல், சமைத்த உணவு எல்லாம் கிடைக்கும். 2,000 மீட்டருக்கும் மேலான சிகரம் பக்கத்தில் நின்று கூப்பிடும். ஜூன் பனியில் வழிகாட்டி இல்லாமல் அதில் ஏறாதீர்கள்.

கடைசி 19 கி.மீ. காட்டுப்பாதை, நிக்கலுவொக்தாவில் முடியும். பருவம் சூடேறியிருந்தால் கொசு இங்கே காத்திருக்கும். தலைக்கு வலை ஒன்று பையின் மேல் பாக்கெட்டில் இருக்கட்டும். நிக்கலுவொக்தாவிலிருந்து கிருனாவுக்குச் சாலை இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம். பேருந்து கோடைப் பருவம் தொடங்கிய பிறகுதான் ஓடும், ஒரு நாளைக்குச் சிலமுறை மட்டும். கால அட்டவணையை அபிஸ்கோவிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் ஓடாத நாட்களாக இருந்தால் டாக்சிக்குக் கெப்னெகைசெ நிலையத்திலிருந்தே சொல்லி வையுங்கள்.